பதிலில்லாத பதினான்கு செய்திகள்

1 மார்ச் 2023, புதன்

இந்த டைரி டாக்டர்களுக்குக் கொடுக்க வந்தது. ஐம்பது வந்தது, பதினொன்று கொடுத்தேன், மிச்சம் முப்பத்தொன்பது பரணில் கிடக்கிறது. வாங்க மாட்டேன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. உள்ளே விட்டால்தானே கொடுப்பதற்கு? சரி, ஒன்றில் நானாவது எழுதுவோம். யாரையாவது திட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

காலை எட்டு மணிக்கே மேனேஜர் ரித்தீஷ் சென்னையிலிருந்து கூப்பிட்டான். வயது இருபத்தொன்பது. நான் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கியபோது அவன் ஒன்றாம் வகுப்பு படித்திருப்பான்.

“சார், ரிலேஷன்ஷிப்தான் சார் எல்லாமே. ஆனா அது சிஸ்டத்துல தெரியணும்.”

“சிஸ்டத்துல தெரியுறதுக்கு அது என்ன, பால் கார்டா?”

“அப்படி இல்ல சார். டாக்டர் ஹெப்சிபா உங்க லிஸ்ட்டுல முதல் பேரு. ரெண்டு வருஷமா அவங்க பக்கத்துல ஒரு ஆக்டிவிட்டியும் இல்ல. முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு இருபது நிமிஷம் வீடியோ மீட்டிங்ல உட்கார வைங்க. இல்லைன்னா திருநெல்வேலியை நாகர்கோவிலோட சேர்த்துருவாங்க. என் கையில இல்ல.”

நாகர்கோவிலில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார். இரண்டு ஊருக்கும் ஓர் ஆள் போதும், அந்த ஆள் நான் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் இனி எவன் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

டாக்டர் ஹெப்சிபா பாளையங்கோட்டையில் பிரசவம் பார்ப்பவர். அவர் சீட்டில் எங்கள் இரும்புச்சத்து மாத்திரையை எழுதினால் சுற்றியிருக்கிற நாலு மருந்துக் கடையும் வாங்கி அடுக்கும். பதினேழு வருஷமாக அந்த வாசலில் நின்றவன் நான். கொரோனாவுக்குப் பிறகு அந்த அம்மாவுக்குப் பதின்மூன்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பொங்கல் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, புது மாத்திரையின் படம், வீடியோ கூட்டத்துக்கு இணைப்பு. எல்லாவற்றையும் பார்க்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

3 மார்ச், வெள்ளி

வீடியோவில் எப்படிப் பேசுவது என்று ரித்தீஷ் ஒத்திகை வைத்தான். எனக்கு ஒத்திகை! எத்தனை டாக்டர் முன்னால் நின்று எத்தனை மருந்து விற்றிருப்பேன்.

“சார், பின்னாடி துணிக்கொடி தெரியுது.”

கொடியை அவிழ்த்தேன்.

“கேமராவைப் பாருங்க சார், என்னைப் பார்க்காதீங்க. கொஞ்சம் சிரிங்க.”

“பேசுறது உங்கிட்ட, பாக்குறது ஓட்டையவா? நான் என்ன பொண்ணு பாக்கவா உக்காந்திருக்கேன், சும்மா சிரிச்சுக்கிட்டு இருக்க?”

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் நாலு விசில் விட்டது. ரித்தீஷ் சத்தத்தை நிறுத்தச் சொன்னான். நான் வடிவைச் சத்தம் போட்டேன். வடிவு என் மனைவி. “அப்ப மத்தியானம் மீட்டிங்கையே தின்னுங்க” என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். பருப்பு வேகவில்லை.

4 மார்ச், சனி

பதினான்காவது செய்தி: “வணக்கம் டாக்டர், தங்கள் பொன்னான நேரத்தில் இருபது நிமிடம்.” இரண்டு நீல டிக். பொன்னான நேரம் அவருக்கு, என் நேரம் தகரம்.

7 மார்ச், செவ்வாய்

சிஸ்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரிலேயே போனேன்.

அந்தக் காலத்தில் டாக்டர் வாசலில் ரெப்புகள், அதாவது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், நிற்க மாட்டோம். எங்கள் பைகள்தான் வரிசையாக நிற்கும். பையை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகலாம், இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம். போட்டிக் கம்பெனிக்காரன்கூடப் பையை நகர்த்த மாட்டான். டாக்டரின் வீட்டுக்காரர் ஜெபசிங் சார், கல்லூரியில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கவுன்ட்டரில் உட்கார்ந்து எங்களை முறைப்படி உள்ளே அனுப்புவார். “ஏ உலகநாதா, உன்னைவிட உன் பை ஒழுங்கா வேலைக்கு வருதுடே” என்பார். கடைசி நோயாளி போன பிறகு எங்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

இப்போது கவுன்ட்டரில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். பக்கத்தில் போர்டு: ‘மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் இணையத்தில் முன்பதிவு செய்து வரவும்.’ சரியென்று அங்கேயே நின்று போனில் பதிந்தேன். ஜூன் பதினான்காம் தேதி இடம் இருக்கிறதாம். நான் நிற்கிற இடத்திலிருந்து டாக்டர் அறைக்குப் பத்து அடி. அதைத் தாண்ட மூன்று மாதம்!

இதில் கொடுமை என்னவென்றால், அப்போதுதான் காஜா மைதீன் வந்தான். வேறு கம்பெனி ரெப், என் வயசுக்காரன், இருபது வருஷப் பழக்கம். ஸ்டெல்லா எழுந்து, “அண்ணே, மேடம் உங்களை வரச் சொன்னாங்க” என்றாள். அவன் முன்பதிவும் செய்யவில்லை, ஒரு மண்ணும் செய்யவில்லை.

வெளியே வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். “என்னவே மாயம் பண்ணினீரு? எனக்கு ஜூன் மாசம், உமக்கு இப்பமேவா?”

மைதீன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “வே, நீரு அங்க போவவே இல்லல்லா?”

“எங்க?”

“ஒண்ணுமில்ல. வாரும், டீ குடிப்போம்.”

எதைச் சொன்னானோ தெரியவில்லை. டீயும் வாயில் வைக்க விளங்கவில்லை.

11 மார்ச், சனி

வண்ணார்பேட்டை ஓட்டலில் மகப்பேறு மருத்துவர்கள் கருத்தரங்கு. கொரோனாவுக்குப் பிறகு நேரில் நடக்கிற முதல் பெரிய கூட்டம். கம்பெனிகளுக்கு ஆளுக்கொரு மேசை. க்யூஆர் கோடு என்று ஒரு சதுரக் கட்டத்தை அச்சடித்துக் கொடுத்து, டாக்டர்களை அதைப் போனில் படம் பிடிக்க வைக்க வேண்டும் என்று ரித்தீஷ் உத்தரவு போட்டிருந்தான். பிடித்தால் ‘தொடர்பு’ என்று கணக்காம். காலையிலிருந்து பிடித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஓட்டல் சர்வர்.

பதினொரு மணிக்கு டாக்டர் ஹெப்சிபா வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்க் கும்பிட்டேன். நின்றார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உலகநாதன்?”

“நல்லா இருக்கேன் டாக்டர். அந்த வீடியோ மீட்டிங் விஷயமா...”

அவ்வளவுதான், போய்விட்டார். மைதீன் மேசையில் நின்று அவனுடைய பிள்ளையின் படிப்பை எல்லாம் விசாரித்தார். என் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

என்ன திமிர்! உடம்பை விசாரிக்க முடிகிறது, ஒரு செய்திக்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் போட முடியவில்லை. பதினேழு வருஷம் ஒரு நாய்க்குச் சோறு போட்டிருந்தால் அதுவாவது வாலை ஆட்டும்.

14 மார்ச், செவ்வாய்

நாசமாய்ப் போக. எல்லாம் நாசமாய்ப் போக.

15 மார்ச், புதன்

நேற்று நடந்ததை இன்று நிதானமாக எழுதுகிறேன்.

டாக்டர்களின் பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் கம்பெனிக் கணினியில் இருக்கிறது. நாங்கள்தான் சேகரித்துக் கொடுத்தோம். இந்த மாதத்திலிருந்து அது தானாகவே ரெப் பெயரில், ரெப் படத்தோடு வாழ்த்து அனுப்புமாம். நேற்று டாக்டர் ஹெப்சிபாவுக்குக் கல்யாண நாள் வாழ்த்து போயிருக்கிறது. நான் கோட்டும் டையும் கட்டிச் சிரிக்கிற படம். கீழே: ‘தாங்களும் தங்கள் துணைவரும் இன்னும் பல்லாண்டு இணைந்து வாழ வாழ்த்தும் உங்கள் உலகநாதன்.’

ஜெபசிங் சார் செத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இரண்டாம் அலையில், 2021 மே மாதம்.

ரித்தீஷைப் பிடித்துக் கத்தினேன். “செத்த மனுசனுக்குக் கல்யாண வாழ்த்தாவே அனுப்புவிய? உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லியா?”

அவன் கத்தவில்லை. அதுதான் எரிச்சல். “சார், ஒவ்வொரு குவார்ட்டரும் ‘டாக்டர் விவரங்களில் மாற்றம் இல்லை’ன்னு நீங்கதான் டிக் பண்ணியிருக்கீங்க. ஏழு தடவை. அதே ஏழு குவார்ட்டரும் ‘டாக்டரை நேரில் சந்தித்தேன்’னும் போட்டிருக்கீங்க. அதை நான் மேல சொல்லல சார்.”

போனை வைத்துவிட்டேன். எல்லோரும்தான் அப்படிப் போட்டோம். ஊரடங்கில் எங்கே போய் யாரைச் சந்திக்க?

கத்தினது வடிவின் காதில் விழுந்திருக்கிறது. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“சாருக்குத் துட்டி கேக்கப் போயிட்டு வந்தேன்னுல்லா அன்னிக்கு ஏங்கிட்ட சொன்னிய? போனியளா, இல்லியா?”

“அப்ப யாரு யாரை விட்டா? பொணத்தையே பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்த காலம்.”

“அப்ப விடல, சரி. அதுக்கப்புறம்?”

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத்தான் எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். கேட்காத வீட்டுக்கு ஒரு நல்ல காரியத்துக்கும் போகக் கூடாது, முகத்தில் விழிக்கவே கூடாது. அது எனக்குத் தெரியாதா? ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன், கும்பிடுகிற கை நாலு போட்டிருந்தேன். வடிவு அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருக்கலாம்.

16 மார்ச், வியாழன்

வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். கேஸ் பதிந்தேன். மிக்ஸி ரிப்பேர். மூன்று தவறிய அழைப்பு.

18 மார்ச், சனி

அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று இரண்டு நாளாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதியாகிவிட்டது, மீதியையும் எழுதித் தொலைக்கிறேன்.

2021 மே, ஒரு வியாழக்கிழமை காலை டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டார். சாருக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கொரோனாவுக்குப் போடுகிற அந்த ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை என்றார். அந்த நாட்களில் ஊரே அந்த ஊசியைத்தான் தேடியது. ரெப் என்றால் பையில் வைத்திருப்போம் என்று நினைத்து எல்லோரும் எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. “நான் பாத்துக்கிடுதேன் டாக்டர், எங்க இருந்தாலும் நானே போய் வாங்கிட்டு வாறேன், நீங்க சார் பக்கத்துல இருங்க” என்றேன். வடிவும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

இரண்டு பேருக்குப் போன் செய்தேன். இல்லை என்றார்கள். மதுரைக்கு வண்டியில் போனால் கிடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கிளம்புகிறேன் என்று வடிவிடம் சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனேன். அங்கே ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்துத் தெரு டெய்லரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், பயம். எங்கள் கம்பெனிக் குடோன் சாவி என்னிடம் இருந்தது. அங்கே போய்ச் சாயங்காலம் வரை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் மூன்று தடவை கூப்பிட்டார். கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தேடவில்லை என்று எப்படிச் சொல்வது? போனை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினேன். பெட்டிக்குள்ளே அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் சார் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய்த் துட்டி கேட்பது? அதனால்தான் வாழ்த்துச் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். வாழ்த்துக்கு ஒரு பதில் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் அந்த அம்மாவைத் திட்டினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

22 மார்ச், புதன்

மைதீனிடம் கேட்டேன். “நான் இப்ப போனா நல்லாருக்குமா?”

“எதுக்குப் போறீரு? மீட்டிங்குக்கா, துட்டிக்கா?”

நான் தோளில் கிடந்த பையின் வாரைச் சரிசெய்தேன். மைதீனே தொடர்ந்தான்.

“துட்டிக்குன்னா பையை வீட்டுல வச்சுட்டுப் போரும். நான் நாப்பதாம் நாளே போயிட்டேன். அந்தம்மா உம்மைத்தான் கேட்டாவ. ‘உலகநாதனுக்கு ஒண்ணும் ஆயிறலையே’ன்னு. நல்லாருக்காருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவிய கேக்கல.”

24 மார்ச், வெள்ளி

ரித்தீஷ்: “சார், இன்னும் ஏழு நாள்.” வடிவு: “செவ்வா வெள்ளி ஆவாது. ஞாயித்துக்கெழம போவோம். நானும் வாறேன்.”

31 மார்ச், வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத இன்றுதான் தெம்பு வந்தது. முதலில் முடிந்துபோனதை எழுதிவிடுகிறேன். கூட்டம் நடக்கவில்லை. திருநெல்வேலியை நாகர்கோவிலோடு சேர்த்தாகிவிட்டது. எனக்கு ஜூன் வரை சம்பளம், அதற்குப் பிறகு இல்லை என்று மத்தியானம் கடிதம் வந்தது. ரித்தீஷ் போனில், “நான் டிரை பண்ணினேன் சார்” என்றான். அவன் குரலைக் கேட்டால் உண்மை போலத்தான் இருந்தது. முதல்முறையாக அவனைத் திட்டத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பெருமாள்புரத்தில் டாக்டர் வீட்டுக்குப் போனோம். வடிவு தலையில் பூ வைக்கவில்லை. டாக்டரே கதவைத் திறந்தார். வடிவு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், அவர்கள் இருவரும் அதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருப்பார்கள். டாக்டரும் அழுதார். நான் சுவரில் இருந்த சாரின் படத்துக்கு நேரே நின்றேன். எதற்குச் சொல்ல, எனக்குக் கண்ணீர் வரவில்லை, வேர்த்துக்கொட்டியது.

உட்காரச் சொன்னார். அவராகவே பேச்சை எடுத்தார்.

“அன்னைக்கு உங்களை மூணு தடவை கூப்பிட்டேன் உலகநாதன். நீங்க எடுக்கல.”

“டாக்டர்...”

“ஊசி மத்தியானமே வந்துட்டு. என் கூடப் படிச்சவ ஒருத்தி தூத்துக்குடியில இருந்து குடுத்து விட்டா. சார் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிட்டு எங்கிட்ட சொன்னாங்க, ‘உலகநாதன் எனக்காக எங்கெல்லாம் அலையுறானோ, பிள்ளைக்காரன், அவனுக்கு வந்துறப் போகுது, வீட்டுக்குப் போகச் சொல்லு’ன்னு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கலன்னதும் சாருக்கு உங்களைப் பத்தி ஒரே கவலை. ரெண்டு நாளு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

நான் சாரின் படத்தை அண்ணாந்து பார்த்தேன்.

“அப்புறம் நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன். மாத்திரைப் படம்தான் வந்துது. எனக்குக் கோபம். எங்களுக்காக ஊரெல்லாம் அலைஞ்ச மனுஷன் ஒரு வார்த்தை கேக்க வரலையேன்னு.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி, இப்பவாவது வந்தீங்களே. ஏதோ மீட்டிங்னு அனுப்பியிருந்தீங்கல்லா? புதன்கிழமை உட்காருறேன்னு உங்க மேனேஜர்ட்ட சொல்லுங்க.”

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். “ரொம்ப நன்றி டாக்டர்” என்று இரண்டு வார்த்தை சொன்னால் வேலை நின்றிருக்கும். வடிவு என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதையும் பார்த்தேன். ஆனால் சார் படுக்கையில் கிடந்து இரண்டு நாள் எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

“நான் அலையல டாக்டர். ரெண்டு போன்தான் பண்ணினேன். பயந்துக்கிட்டுக் குடோன்ல போய் ஒளிஞ்சிருந்தேன். நீங்க கூப்பிட்டது தெரியும். தெரிஞ்சேதான் எடுக்கல.”

வடிவின் கை முந்தானையை இறுக்கிக்கொண்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

“புதன்கிழமை நான் வரல” என்றார் டாக்டர்.

“வேண்டாம் டாக்டர்.”

துட்டி கேட்ட வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் இல்லை. ‘போய்ட்டு வாறேன்’ என்றால் இன்னொரு தடவை இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். அதனால் நாங்கள் பேசாமல் எழுந்தோம். வடிவு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வண்டிப் பக்கம் போய்விட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போய்விட்டேன்.

“உலகநாதன்.”

திரும்பினேன். டாக்டர் படியில் நின்றார். முகத்தில் கோபம் போகவில்லை.

“இந்த வீட்டுல துட்டி கேட்டு முடிஞ்சாச்சு. சொல்லிட்டுப் போங்க.”

கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கும்பிட்டேன்.

“போய்ட்டு வாறேன் டாக்டர்.”

“ம்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.